அலை வழி தவறும் கூடு

அக்டோபர் 6, திங்கள்

நாடி காலை 68, மாலை 70. தலைசுற்றல் இல்லை.

இதை எழுதச் சொன்னவர் இதய டாக்டர். என் நெஞ்சில் இடப்பக்கம், தோலுக்கு அடியில், தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஒரு மெஷின் வைத்திருக்கிறார். இதயம் சோம்பி நின்றால் அது ஒரு தட்டுத் தட்டி எழுப்பும். "ரெண்டு மாசம் தினமும் நாடி பார்த்து எழுதணும். உங்களுக்கு எழுதத் தெரியுங்களா, பேத்திய எழுதச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். அஞ்சிலும் முதல் மார்க்கு. ஆறாவதுக்கு அனுப்பாமல் விட்டது அப்பன் செய்த தப்பு, என் புத்தியின் தப்பு இல்லை. "எழுத்து முத்து முத்தா இருக்கும், பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாடிக்கு ஒரு வரி போதும். நோட்டில் பக்கத்துக்கு இருபத்திரண்டு வரி இருக்கிறது. மிச்சத்தைச் சும்மா விடுவானேன்? டாக்டர் ஐயாவுக்கு நாடி மட்டும் போதுமென்றால் முதல் வரியோடு நிறுத்திக்கொள்ளவும்.

அக்டோபர் 8, புதன்

நாடி 66, 69.

நான் இருப்பது கோயமுத்தூரில், வடவள்ளியில், பேத்தி கௌசிகாவின் வாடகை வீட்டில், இரண்டாவது மாடி. அவளுடைய அம்மா, என் மகள், கோபியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று என்னை இங்கே விட்டுப் போயிருக்கிறாள். கௌசிகா காலேஜில் ஆராய்ச்சி செய்கிறாள். எங்கள் வம்சத்தில் ஆராய்ச்சி வரைக்கும் போனவள் அவள் ஒருத்திதான். கீழ் வீட்டுச் சாந்தாமணியிடம் இதை இதுவரைக்கும் நாலு தடவைதான் சொல்லியிருக்கிறேன்.

இன்றைக்குக் கரண்ட் அடுப்புப் பக்கம் போய் நின்றதற்குக் கௌசிகா ஒரு சத்தம் போட்டாள்.

"ரெண்டடி தள்ளி நில்லுங்க அமுச்சி! டாக்டரு சொன்னது மறந்துபோச்சா?"

"அதுல தீயே இல்லையே கண்ணு."

"தீ இல்லீங்க, அலை. கண்ணுக்குத் தெரியாது. அது உங்க மெஷினைக் கொழப்பி உட்ரும்."

அப்புறம் உட்காரவைத்துச் சொன்னாள். செல்போனிலிருந்து அலை, டவரிலிருந்து அலை, மிக்ஸி மோட்டாரிலிருந்து அலை. ஒன்றின் அலை இன்னொன்றுக்குள் புகுந்து வேலையைக் கெடுக்கும். கெடுக்காமல் இருக்கச் செம்பு, அலுமினியத் தகடுகளை வைத்து மறைக்கிறார்கள். கனம் ஜாஸ்தி, மண்ணில் போட்டால் மக்காது. இவள் அந்தத் தகட்டுக்குப் பதிலாகச் செடியை வைத்து மறைக்கப் பார்க்கிறாள். அதுதான் ஆராய்ச்சி.

"செடி எப்படீம்மா கரண்டைத் தாங்கும்?"

"செடி கடத்தாதுங்க. கரியானா கடத்தும்." உடம்பு தேய்க்கிற பீர்க்கங்கூடு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தாள். "இதைக் காத்துப் படாம சுட்டுக் கரியாக்குவோம். கூடு அப்படியே நிக்கும். அலை உள்ள நுழையும். உள்ள எத்தனை சந்து பாருங்க. ஒவ்வொரு சுவத்துலயும் முட்டி முட்டி, வெளிய வர வழி தெரியாம, உள்ளயே ஓய்ஞ்சு போயிரும்."

மத்தியானம் படுத்தபோது கனவில் கூரை, சுவர் எல்லாம் பீர்க்கங்கூடாக இருந்தது. கீழ்பவானி வாய்க்காலில் புதுத்தண்ணீர் வருவதுபோல அலை சத்தமில்லாமல் உள்ளே வந்தது. ஒவ்வொரு சந்திலும் நுழைந்து, எட்டிப் பார்த்து, திரும்பி, கடைசியில் என் காலடியில் பூனைக்குட்டி மாதிரிச் சுருண்டு படுத்துக்கொண்டது.

அக்டோபர் 11, சனி

நாடி 67, 67.

எனக்கு ஒரு பொறுப்பு வந்திருக்கிறது. கௌசிகா விதைப்பண்ணையிலிருந்து இருபது பீர்க்கங்கூடு வாங்கி வந்தாள். எல்லாம் ஒரே கொடியில் காய்த்து, ஒரே நாளில் பறித்தவை. ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டி நம்பர் போட்டிருக்கிறாள். மொட்டை மாடியில் பத்து நாள் காய வேண்டும்.

"தண்ணி ஒரு சொட்டு படக்கூடாதுங்க அமுச்சி. சோப்பு, எண்ணெ எதுவும் படக்கூடாது. பூஞ்சக்காளான் புடிச்சா நாரு வீணாயிரும். இந்த வருசம் இப்படி ஒரு லாட்டு மறுபடி கெடைக்காது."

"நான் பார்த்துக்கறேன் சாமி. அப்பளம் காய வச்ச கையி இது."

அக்டோபர் 14, செவ்வாய்

நாடி 66, 68. காய்கின்றன. காக்காய் ஓட்டினேன்.

அக்டோபர் 16, வியாழன்

நாடி காலை 67, மாலை 91.

மத்தியானம் ஒரு கண் அசந்தேன். கனவில் மேளம் அடித்தார்கள். யாருக்கோ கல்யாணம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படுத்திருந்தேன். விழித்துப் பார்த்தால் மேளம் இல்லை, தகர ஷீட்டில் மழை.

ஒன்றும் ஆகிவிடவில்லை. கூடுகளை உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். மாலை நாடி கூடினதற்குக் காரணம் மாடிப்படி.

அக்டோபர் 17, வெள்ளி

நாடி 84, 90.

கௌசிகா இன்றும் நாளையும் திருச்சியில் கருத்தரங்கில் இருக்கிறாள். போனில், "காயுதுங்களா?" என்றாள். காய்கிறது என்றேன். துணியில் கறுப்புப் புள்ளி விழுந்தால் என்ன செய்வோமோ அதையெல்லாம் யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 18, சனி

நாடி 88, 74.

வீட்டு வேலை: இரும்பு வடச்சட்டியைக் கழுவினேன். ஐந்து ஈடு ஆனது. கால் கிலோ புளி தீர்ந்துவிட்டது. ஃபேன் நாள் முழுக்க ஓடியது.

கௌசிகா ராத்திரி பஸ்ஸுக்கு வந்து, "என்னங்க அமுச்சி, வீடெல்லாம் புளி வாசம்?" என்றாள். ரசம் என்று சொன்னேன்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

நாடி 70, 72. வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டேன். வெடிச்சத்தத்துக்கு மெஷின் ஒன்றும் பயப்படவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

நாடி காலை 95, மாலை 73.

கௌசிகா இருபது கூடுகளையும் எடுத்துப்போனாள். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "கொஞ்சம் கலர் இறங்கியிருக்குதே" என்றாள். "நல்ல வெயிலு கண்ணு" என்றேன். அவள் என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கன்னத்தை இன்னும் கழுவவில்லை. கழுவ மனசு வரவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

நவம்பர் 3, திங்கள்

நாடி 70, 82. இது சந்தோஷ நாடி.

கௌசிகா மூச்சிரைக்க ஓடிவந்து என்னைத் தூக்கிச் சுற்றினாள். மெஷின் வைத்த பக்கத்தைத் தொடாமல், பார்த்துத்தான் தூக்கினாள்.

"அறுபத்தொண்ணு அமுச்சி! அறுபத்தொண்ணு!"

போன தடவை வரைக்கும் இருபத்திநாலைத் தாண்டவில்லையாம். அலையை எவ்வளவு தடுக்கிறது என்கிற கணக்காம் அது, டெசிபல் என்று பேர். எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். பத்து என்றால் பத்து அலையில் ஒன்று தப்பும். இருபது என்றால் நூற்றில் ஒன்று. முப்பது என்றால் ஆயிரத்தில் ஒன்று. அறுபது என்றால் பத்து லட்சத்தில் ஒன்று. பத்து லட்சம் பேர் உள்ளே போய் ஒரே ஒருத்தன் வெளியே வருகிற வீடு! நினைக்க நினைக்க எனக்குத் தூக்கம்போல் ஒரு மயக்கம் வந்தது. தலைசுற்றல் இல்லை, டாக்டர் ஐயா. வேறு மயக்கம்.

அவளுடைய ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற ஹேமலதா மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். இரும்பு இல்லை, செம்பு இல்லை, வெறும் செடி மட்டும் வைத்து இவ்வளவு வந்தது பெரிய விஷயமாம்.

கீழே போய்ச் சாந்தாமணியிடம் சொன்னேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே, "கரியில என்னங்க ஆராய்ச்சி? எங்க மாமியா காலம் பூரா கரியிலதான் பல்லு வெளக்குச்சு" என்றாள்.

"உங்க மாமியா பல்லுல எத்தனை அலை நின்னுச்சு?" என்று கேட்டுவிட்டு மேலே வந்தேன்.

நவம்பர் 5, புதன்

நாடி 69, 71.

பின்லாந்து என்று ஒரு நாடு இருக்கிறதாம். முழுக்க மரம், முழுக்கப் பனி. மரத்திலிருந்தே எல்லாம் செய்யப் பார்க்கிற ஆராய்ச்சிக்கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரே ஒரு இடம். அந்த அறுபத்தொன்றைப் போட்டு மேடமும் கௌசிகாவும் விண்ணப்பம் அனுப்பிவிட்டார்கள். "அறுபத்தொண்ணைப் பார்த்தா எந்திரிச்சு நின்னு கூப்புடுவாங்க" என்றாராம் மேடம்.

எனக்கு ஒரு பரிசு கொண்டுவந்தாள். அந்தக் கரியில் அறுத்த ஒரு வில்லை, அஞ்சு ரூபாய்க் காசு அளவு. ஊதினால் பறந்துவிடும் போலக் கனமே இல்லை.

"இது உங்களுக்குத்தானுங்க. உங்க மெஷினை நெனச்சுக்கிட்டேதான் இந்தத் தடவை சுட்டேன்."

கரண்ட் அடுப்பு தூக்கி எறிகிற அலையெல்லாம் இதில் வந்து படுத்துக்கொள்ளட்டும் என்று தலைமாட்டில் வைத்துப் படுத்தேன். கனவில் கௌசிகா பனியில் நடந்து போனாள். அவள் காலடித் தடம் ஒவ்வொன்றும் கறுப்பாக இருந்தது.

நவம்பர் 9, ஞாயிறு

நாடி காலை 68, பதினோரு மணிக்கு 118.

ஃபிரிட்ஜைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதன் கதவில் பழனிமலைப் படம் போட்ட காந்தம் ஒன்று ஒட்டியிருக்கும். நெஞ்சுக்கு ஒரு சாண் தள்ளியே பிடிக்க வேண்டும் என்று கௌசிகா சொல்லியிருக்கிறாள். அப்படியே தள்ளிப் பிடித்துக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். பக்கத்தில் என் கறுப்பு வில்லை கிடந்தது. காந்தத்தைத் திரும்ப எடுத்தபோது வில்லையும் கூட வந்தது.

உதறினேன். விழவில்லை.

அஞ்சாம் வகுப்பில் மாரியப்பன் வாத்தியார் லாடம் மாதிரி ஒரு காந்தம் கொண்டுவந்தார். பென்சில், காகிதம், அடுப்புக்கரி, ஆணி எல்லாவற்றையும் வைத்து, "எது ஒட்டும்?" என்று கேட்டார். முதலில் கை தூக்கியவள் நான். "ஆணி மட்டும் சார். கரி ஒட்டாது." வகுப்பே கை தட்டியது.

கரி ஒட்டாது.

நவம்பர் 12, புதன்

நாடி 92, 97.

எழுதிவிடுகிறேன். டாக்டர் ஐயா இந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டாம்.

அன்றைக்கு மழையில் இருபது கூடும் நனைந்துவிட்டன. மறுநாளே கறுப்புப் புள்ளி புள்ளியாகப் பூஞ்சக்காளான் பிடித்துவிட்டது. நனைந்துபோச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. 'அப்பளம் காய வச்ச கையி' என்று சொன்னவள் நான்தானே. கறை போகப் புளி, இதுதானே நமக்குத் தெரிந்தது. பெரிய பாத்திரம் வீட்டில் வேறு இல்லை. இரும்பு வடச்சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றி, ஈட்டுக்கு நாலு கூடாகப் போட்டுக் கொதிக்கவைத்தேன். புள்ளி போய்விட்டது. வடச்சட்டி வெள்ளி மாதிரிப் பளபளத்தது. தண்ணீர்தான் கறுத்துப்போயிருந்தது. அழுக்கு என்று நினைத்துக் கொட்டினேன்.

அது அழுக்கில்லை. வடச்சட்டியின் இரும்பைப் புளி கரைத்தெடுத்துக் கூட்டுக்குள் ஏற்றிவிட்டது. பத்து லட்சம் அலையை நிறுத்தியது செடி மட்டும் இல்லை. என் வடச்சட்டியும்தான்.

நவம்பர் 17, திங்கள்

நாடி 96, 110.

கௌசிகா சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். அதே பண்ணையில் வேறு கூடு வாங்கி, அதே மாதிரி சுட்டுப் பார்த்திருக்கிறாள். முதலில் இருபத்திமூன்று. அடுத்தது இருபத்தைந்து. முதல் லாட்டில் மிச்சமே இல்லை, எல்லாவற்றையும் ஒன்றாகச் சுட்டுவிட்டாள்.

"கூட வேலை செய்யற ஒருத்தன் எல்லாரு முன்னாலயும் சொல்றான் அமுச்சி. 'கௌசிகா கரியில எதையோ கலந்துட்டு செடி செடிங்கறா'ன்னு."

"மேடம் என்ன சொன்னாங்க?"

"தனியாக் கூப்புட்டு, கலந்தியான்னு கேட்டாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "என்ற அமுச்சி மேல சத்தியமா எதுவும் கலக்கலீங்கன்னு சொன்னேன். சரி போன்னு அனுப்பிட்டாங்க."

என்மேல் சத்தியம் செய்திருக்கிறாள். அவள் அறிந்த மட்டும் அது உண்மைச் சத்தியம். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, அது ஓடுகிற சத்தத்தில் நின்றேன்.

இருபத்தெட்டாம் தேதி வேறொரு மெஷினில் நேரம் கிடைத்திருக்கிறதாம். அந்த அறுபத்தொன்று வந்த கரியில் எதெது எவ்வளவு கலந்திருக்கிறது என்று அது பிரித்துச் சொல்லிவிடும். "அது சொன்னா எல்லாரு வாயும் மூடிரும்" என்கிறாள் என் தங்கம்.

நவம்பர் 19, புதன்

நாடி 98, 101.

காலையில் சொல்லலாம் என்று கச்சாயம் சுட்டேன். அவள் இரண்டு தின்றுவிட்டு வண்டியை எடுத்தாள். மாலையில் சொல்லலாம் என்று காபி போட்டேன். அவளுக்குப் போன் வந்தது.

மத்தியானக் கனவில் கறுப்புக் கூட்டுக்குள் நான் நடந்தேன். எந்தச் சந்தில் திரும்பினாலும் ஒரு சுவர். ஒவ்வொரு சுவரிலும் முட்டிக்கொண்டே, "நனைஞ்சுபோச்சு" என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு சொல்லும் வெளியே போகவில்லை.

நவம்பர் 20, வியாழன்

நாடி டாக்டர் பார்த்தது 94.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். கௌசிகாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் என் நெஞ்சின்மேல் சோப்புக்கட்டி மாதிரி ஒன்றை வைத்தார். பக்கத்துத் திரையில் கோடு கோடாக ஓடியது.

"மெஷின் ஜோரா இருக்குதும்மா. ஆனா என்ன நடந்துச்சு ஒம்பதாம் தேதி? காலைல பதினோரு மணிக்கு நாடி எக்கச்சக்கமா ஏறியிருக்கு."

"நோட்டுல எழுதியிருக்கனுங்களே."

"நோட்டைப் பார்க்கலம்மா. உள்ள இருக்கற மெஷினே நேரம் போட்டு எழுதி வச்சுரும். பதினாறாம் தேதி மத்தியானம், பதினேழு, இருபத்திமூணு, எல்லாம் இருக்கு. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. ஏதோ வெசனம் ஓடுது உங்களுக்கு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மாடிப்படி என்று நான் எழுதியபோது அது மழை என்று எழுதியிருக்கிறது. நல்ல வெயில் என்று நான் சொன்னபோது அது வேறு எழுதியிருக்கிறது. என் தோலுக்கு அடியில் ஒன்று உட்கார்ந்து, அஞ்சாம் வகுப்புகூடப் படிக்காமல், பொய்யில்லாமல் எழுதிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 21, வெள்ளி

நாடி பார்க்கவில்லை.

கௌசிகா ஹெல்மெட்டைக் கையில் எடுத்துவிட்டாள். "சித்த நில்லு கண்ணு" என்றேன். ஃபிரிட்ஜ் காந்தத்தைக் கழற்றிக் கையை நீட்டிப் பிடித்தேன். வில்லையை அதன்மேல் வைத்துத் தலைகீழாகத் திருப்பினேன்.

அவள் பார்த்தாள். வில்லையைப் பிய்த்தெடுத்து மறுபடி வைத்தாள். மறுபடி. மூன்றாம் தடவையும் அது ஒட்டியது.

"மழைல நனைஞ்சுபோச்சு சாமி. இருபதும்." அப்புறம் எல்லாவற்றையும் சொன்னேன். பூஞ்சக்காளான், புளி, வடச்சட்டி.

ஹெல்மெட்டைக் கீழே வைத்தாள். பையிலிருந்து அவளுடைய நோட்டை எடுத்தாள். குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

"எத்தனை நேரம் கொதிச்சுது?"

"ஒரு ஈடு, சீரியல் ஒண்ணு ஓடற நேரம்."

"அரை மணி நேரம்," என்று எழுதினாள். "எத்தனை புளி?"

"எல்லாத்துக்கும் சேர்த்துக் கால் கிலோ."

"தண்ணி மாத்துனீங்களா?"

"ஒவ்வொரு ஈட்டுக்கும் புதுசு."

எழுதி முடித்து நோட்டை மூடினாள். அதற்கு அப்புறம்தான் அவள் குரல் அவளிடம் திரும்பி வந்தது.

"நனைஞ்ச அன்னைக்கே ஏன் சொல்லலீங்க?"

"நீ திட்டுவேன்னு..."

"திட்டியிருப்பேன். ஒரு நாளு திட்டியிருப்பேன் அமுச்சி. அவ்வளவுதானுங்களே?"

இரும்பு சேர்ந்ததால் நல்லதுதானே வந்தது, அதையே சொல்லக்கூடாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

"இரும்பு சேர்ந்தா ஏறும்னு பத்திருபது வருசமா ஊருக்கே தெரியுமுங்க. இரும்பில்லாம ஏத்தணும்கறதுதான் என்ற வேலையே."

வடச்சட்டியை ஜவுளிக்கடைப் பையில் போட்டு, வண்டியின் முன்னால் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதைச் சுரண்டிப் பார்க்க வேண்டுமாம். மாடியிலிருந்து பார்த்தேன். வளைவில் திரும்பும்போது பை ஒரு தடவை ஆடியது.

நவம்பர் 22, சனி

நாடி 80, 79. பேசவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

நாடி 78, 77. பேசவில்லை. மாத்திரையை மட்டும் எடுத்து வைத்தாள், தண்ணீரோடு.

நவம்பர் 24, திங்கள்

நாடி 75, 76.

பொரியலுக்குச் சாந்தாமணியிடம் சட்டி கேட்டேன்.

"உங்க வடச்சட்டி எங்கீங்க?"

"காலேஜுக்குப் போயிருக்குது."

"அதுவுமா ஆராய்ச்சி படிக்குது!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். வேறொரு நாளாக இருந்தால் நான் அதற்கு ஒன்று கொடுத்திருப்பேன். இன்றைக்கு அவளுடைய சட்டியை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

நவம்பர் 26, புதன்

நாடி 74, 73.

இன்று பேசினாள். எதிரில் உட்காராமல், ஜன்னல் பக்கம் பார்த்தபடி பேசினாள்.

மேடத்திடம் திங்கட்கிழமையே சொல்லிவிட்டாள். மேடம் வடச்சட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டாம் தேதி நமக்கு முன்னால மெஷின் சொல்லியிருந்தா உன்னை நான் காப்பாத்தியிருக்க முடியாது" என்றாராம். இரண்டு பேரும் சேர்ந்து பின்லாந்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்: அறுபத்தொன்று செல்லாது, அதில் இரும்பு கலந்திருந்தது, எங்கள் கணக்கு இருபத்தைந்துதான்.

"இரும்பு எப்படிக் கலந்துச்சுன்னு எழுதுனே?"

"காயவச்ச எடத்துல தவறுன்னு எழுதுனேன்."

"என்ற பேரை எழுதலையா?"

"உங்க பேரை எதுக்குங்க எழுதறது? பொறுப்பு என்னுது."

திட்டியிருந்தால் தேவலை.

"சத்தியம் பண்ணியே கண்ணு, எம்மேல..."

"தெரியாமப் பண்ணுன சத்தியம் தானுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது." மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்து, "மாத்திரை போட்டீங்களா?" என்றாள்.

டிசம்பர் 4, வியாழன்

நாடி 72, 74.

பின்லாந்திலிருந்து பதில் வந்துவிட்டது. மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி, இந்த வருஷம் வேறொருவரைத் தேர்ந்துவிட்டோம், வேலை முன்னேறினால் மறுபடி விண்ணப்பிக்கலாம். கௌசிகா அதைச் சத்தமாகத் தமிழில் சொன்னாள். சொல்லி முடித்துக் குளிக்கப் போனாள். குளியலறையில் வெகுநேரம் தண்ணீர் ஓடியது. குழாய் ஓடுகிற சத்தம் எதற்கு என்று எனக்குத் தெரியும்.

சாந்தாமணி வீட்டுக்கு இறங்கிப்போனேன். யாரும் கேட்காமலேயே சொன்னேன்.

"பேத்திக்கு வெளிநாடு கெடைக்கலீங்க. என்னால போச்சு. கூடு மழைல நனைஞ்சதை நான் மறைச்சுட்டேன்."

அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கேலி வருமென்று காத்திருந்தேன். ஒரு முறத்தையும் நாலு பூண்டையும் என் பக்கம் தள்ளிவிட்டு, "உட்காருங்கக்கா" என்றாள். இருட்டும் வரை உரித்தோம்.

டிசம்பர் 6, சனி

நாடி 70, 70.

டாக்டர் சொன்ன இரண்டு மாதம் இன்றோடு முடிந்தது. இனிமேல் எழுத வேண்டியதில்லை. நோட்டில் இன்னும் நிறையப் பக்கம் வெறுமனே கிடக்கிறது.

டிசம்பர் 10, புதன்

நாடி 69, 71.

மாலையில் கௌசிகா வண்டியிலிருந்து இரண்டு பைகளை இறக்கினாள். ஒன்றில் என் வடச்சட்டி. அடியில் ஒரு ஓரமாகச் சுரண்டியிருக்கிறார்கள். அதை அடுப்படி ஆணியில் அவளே மாட்டினாள். இன்னொரு பையில் இருபது பீர்க்கங்கூடு, நூல் கட்டி, நம்பர் போட்டு.

"வேற கொடி. இருபத்தஞ்சுலருந்து மறுபடி ஆரம்பிக்கணும்" என்றாள். "மொட்டை மாடியில பத்து நாளு காயணும் அமுச்சி."

என் காதில் சரியாகத்தான் விழுந்ததா என்று கேட்டேன்.

"என்னையவா கண்ணு நம்பற?"

"உங்களை நம்பலீங்க." சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பு வரும் இடத்தில் ஒரு குழி விழுந்தது. "உங்க நோட்டை நம்பறேன். நனைஞ்சா நனைஞ்சுதுன்னு எழுதி வையுங்க. எந்த நம்பரு, எத்தனை மணிக்கு, எத்தனை நேரம். அது போதுமுங்க."

மாடியில் பரப்பினோம். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டின் வழியாகவும் வெளிச்சம் நுழைந்து, வழி தவறி, உள்ளேயே கொஞ்ச நேரம் மஞ்சளாகத் தங்கியிருந்தது. அவள் கை என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

நாடி காலை 68, மாலை 67.

மத்தியானம் இரண்டேகாலுக்கு மழை. எட்டு நிமிடம் பெய்ததாகச் சாந்தாமணி சொன்னாள். நான் தூங்கிக்கொண்டிருந்தேன். நாலாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், பதினேழாம் நம்பர் நனைந்தன. மற்றவை தகர ஷீட்டுக்கு அடியில் இருந்ததால் நனையவில்லை.

வடச்சட்டி ஆணியில் இருக்கிறது. தொடவில்லை.